அப்பா அம்மா இல்லாத பிள்ளைய ஹோம்ல (பிள்ளைங்க காப்பகத்துல) விடுறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்

நம்ம மலேசியத் தோட்டத்துல ஒரு சாவு விழுந்தா, இல்ல அம்மா வேற எங்கயோ போயிட்டா, கருமாதி முடியறதுக்குள்ள "பிள்ளைங்கள ஹோம்ல விட்டுரலாம்"னு யாராச்சும் சொல்லிடுவாங்க. நல்ல மனசுலதான் சொல்றாங்க, ஆனா அவசரப்படாதீங்க. பாட்டி, பெரியம்மா, மாமான்னு யாராச்சும் பாத்துக்க முடியுமா, அண்ணன் தங்கச்சிய பிரிக்காம வைக்க முடியுமான்னு மொதல்ல உக்காந்து பேசுங்க.

காசுதான் தடைன்னா ஜேகேஎம்ல, அதான் அரசாங்க வெல்ஃபேர் இலாகாவுல, பந்துவான் கானாக்-கானாக்னு சொல்ற பிள்ளைங்க உதவித்தொகைய கேளுங்க. கஷ்டப்படுற குடும்பம் பிள்ளைய வீட்டுலயே வச்சி வளக்கட்டும்னுதான் அந்த மாசாந்திர உதவி. சுங்கை சிப்புட் ஆளுங்களுக்கு டிஸ்ட்ரிக் கோலகங்சார், அங்க உள்ள வெல்ஃபேர் ஆபீஸ்ல கேக்கணும். எறந்து போனவங்களுக்கு சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டியிருந்தா அங்கயும் போய் விசாரிங்க, தகுதி இருந்தா பிள்ளைக்கு 21 வயசு வரைக்கும் பென்ஷன் கெடைக்கும், நெறைய பாட்டிங்களுக்கு இது தெரியாமலே போயிடுது.

அடுத்தது பத்திரம், இதுலதான் நம்ம பிள்ளைங்க ரொம்ப அடிபடுதுங்க. பிறப்புப் பத்திரம், அப்பா அம்மா ஐசி (அடையாள அட்டை), இறப்புப் பத்திரம், கல்யாண சர்டிபிகேட் எல்லாத்தையும் லயத்து வீட்ட (தோட்டத்துல குடுத்த வீட்ட) காலி பண்றதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிருங்க. கோயில்ல தாலி கட்டிட்டு ரெஜிஸ்டர் பண்ணாம விட்டு, அம்மா வெளிநாட்டுக்காரங்களா இருந்தா பிள்ளைக்கு சிட்டிசன் சிக்கல் வரும், அதனால இத தள்ளிப் போடாதீங்க. பாட்டியோ மாமாவோ சட்டப்படி கார்டியன் ஆகணும்னா, முஸ்லிம் அல்லாதவங்க 1961 கார்டியன் சட்டத்துல ஹைகோர்ட்ல மனு போடணும், நமக்குக் கிட்ட ஈப்போ. லாயருக்கு காசில்லன்னா பந்துவான் குவாமான்ல (அரசாங்க சட்ட உதவி இலாகாவுல) போய் கேட்டுப் பாருங்க.

சொந்தம் இல்லாத பிள்ளைய எடுத்து வளக்கறவங்க ஒரு வாரத்துக்குள்ள ஜேகேஎம் பாதுகாப்பு அதிகாரிகிட்ட சொல்லியாகணும், இது 2001 சிறார் சட்டம். தயவு செஞ்சு பச்சப் பிள்ளைய நீங்களே பெத்த மாதிரி பேர் பதியாதீங்க, பின்னாடி ஐசி எடுக்கறப்ப அந்தப் பிள்ளதான் தெருவுல நிக்கும். முறையா தத்தெடுக்க கோர்ட் இருக்கு, ஜேபிஎன்ல (தேசிய பதிவு இலாகாவுல) பதியற வழியும் இருக்கு.

அடி, தப்பான தொடுதல்னு ஏதாச்சும் சந்தேகம் வந்தா ஆதாரம் தேடிட்டு இருக்காம 15999ங்கிற அரசாங்க உதவி நம்பருக்கு போன் அடிங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க, இல்ல பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷனுக்கு) போங்க. அதிகாரிங்க பிள்ளைய எடுத்துட்டுப் போனா 24 மணி நேரத்துல கோர்ட்ல நிறுத்தணும், அதனால "கொண்டு போனா திரும்பி வராது"ன்னு பயந்து மூடி வைக்காதீங்க. ஆளாளுக்கு பிள்ளைகிட்ட திரும்பத் திரும்ப கேக்கவும் வேணாம். ஃபேஸ்புக்ல படம் போட்டு நியாயம் கேக்காதீங்க, அடையாளத்த வெளியிடறது சட்டப்படி குற்றம்.

எல்லாம் பாத்தும் ஹோம்தான்னு ஆச்சுன்னா, 1993 பராமரிப்பு மையச் சட்டத்துல பதிவான எடமான்னு சர்டிபிகேட்ட காட்டச் சொல்லுங்க. சாப்பாட்டு நேரத்துல போய்ப் பாருங்க, சொந்தக்காரங்க எப்ப வரலாம், எந்தப் பள்ளிக்கு அனுப்புறீங்க, லீவுக்கு வீட்டுக்கு விடுவீங்களான்னு கேளுங்க, பதில் சொல்லத் தயங்குனா வேற எடம் பாருங்க.