ரெட்டிட் அலுத்துவிட்டதா? லெம்மிக்கு மாறுவது இப்படித்தான்

ரெட்டிட் என்பது தலைப்புவாரியான குழுக்களில் பதிவு போட்டு, பதிவுகளுக்கு ஓட்டுப் போட்டு விவாதிக்கும் தளம். 2023-ல் அது, தன் பதிவுகளைக் காட்டும் வெளியார் ஆப்களிடம் கட்டணம் கேட்க ஆரம்பித்தபோது, அப்படி ஒன்றான அப்போலோ என்ற ஐபோன் ஆப்பை உருவாக்கியவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வருஷத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வந்தது. ஜூன் 30-ஆம் தேதி ஆப்பை மூடிவிட்டார். அந்தக் கோபத்தில் வெளியேறியவர்களில் நிறையப் பேர் போய்ச் சேர்ந்த இடம் லெம்மி.

லெம்மியும் ரெட்டிட் மாதிரிதான், ஆனால் ஒரே தளம் இல்லை, மென்பொருள். யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் போட்டு நடத்தலாம், சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது விதிமுறை வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஏர்டெல் சிம் வைத்திருப்பவர் ஜியோகாரரோடு பேசுவதில்லையா, அந்த மாதிரி. ஆனால் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி இங்கே கிடையாது, அதனால்தான் சர்வரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். லெம்.ஈ என்ற பெரிய சர்வரே 2025 ஜூனில் மூடப்பட்டது. நிர்வாகிகள் எத்தனை பேர், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தெந்த சர்வர்களைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சில சர்வர்களில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள், ரெண்டு வரி உண்மையாக எழுதினால் போதும்.

சேர்ந்ததும் அமைப்புகளுக்குப் போய் முகப்பை 'சப்ஸ்கிரைப்டு' (நீங்கள் சேர்ந்த குழுக்கள் மட்டும்) என்றும் வரிசையை 'ஸ்கேல்டு' என்றும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பெரிய குழுக்களின் அரசியல் சண்டையும் மீமும்தான் கண்ணில் படும், சின்னக் குழுக்கள் அடியில் போய்விடும்.

அப்புறம் குழு தேடுவது. இங்கேதான் பலர் 'ஒன்றுமே இல்லையே' என்று திரும்பிப் போகிறார்கள். தேடும் பெட்டியில் ஒரு ஆச்சரியக்குறி, குழுவின் பெயர், @ குறி, அது இருக்கும் சர்வரின் முகவரி, இவ்வளவையும் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். உங்கள் சர்வரில் இதுவரை யாரும் அந்தக் குழுவில் சேரவில்லையென்றால் சில பழைய பதிவுகள் மட்டும் வரும், அதுவும் கமெண்ட் இல்லாமல் மொட்டையாக. குழு செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நீங்கள் சேர்ந்த பிறகுதான் புதியவை வரத் தொடங்கும். ஒரு இருபது குழுவிலாவது சேருங்கள், எதைக் காட்டுவது என்று உங்களுக்காக யோசிக்கும் அல்காரிதம் இங்கே கிடையாது.

போனில் பார்க்க வோயேஜர் நல்ல ஆப், அப்போலோ பழகிய கைக்குப் புதிதாகவே தெரியாது. மாதம் ஒருமுறை அமைப்புகளில் 'எக்ஸ்போர்ட்' அழுத்தி ஃபைலை எடுத்து வையுங்கள். சர்வர் மூடினாலும், சேர்ந்த குழுக்களையும் பிளாக் செய்தவர்களையும் வேறு கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம், உங்கள் பழைய பதிவுகள் மட்டும் உடன் வராது.

தனிச்செய்தியில் ரகசியம் எதுவும் எழுத வேண்டாம், நிர்வாகி நினைத்தால் படிக்க முடியும். நீங்கள் எதற்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அழித்த பதிவு எல்லா சர்வரிலும் அழிந்ததா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஒரேயடியாக ரெட்டிட்டை விட மனசு வரவில்லையா? சரி, விட முடியாத ஒன்றிரண்டு ரெட்டிட் குழுக்களின் முகவரிக்குப் பின்னால் .rss என்று சேர்த்து, ஃபீட் ரீடரில் (பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் ஆப்) போட்டுவிடுங்கள். லாகின் இல்லாமலே படிக்கலாம்.