ஒரே வரியில் படம் மங்கலாகிவிட்டது, பாடம் நடந்ததா?

பைத்தானில் ஓபன்சிவி என்ற பட வேலைகளுக்கான லைப்ரரியைக் கூப்பிட்டு ஒரே ஒரு வரி எழுதினால் போதும், படம் மங்கலாகிவிடும். மாணவர்களுக்குக் குஷி, ஆசிரியருக்கு நிம்மதி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு மீடியா தொழில்நுட்பம் எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கருவியைக் கற்றுக்கொடுத்துவிட்டு, மீடியாவைக் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இதற்குப் பயந்து எல்லாவற்றையும் சி மொழியில் அடியிலிருந்து எழுதவைப்பவர்களும் உண்டு. அதுவும் தவறுதான். பாதி செமஸ்டர் பாயின்டர் (நினைவக முகவரி) பிழைகளிலும் ஃபைல் ஹெடரைப் பிரிப்பதிலும் கரைந்துவிடும். பைத்தான் போன்ற உயர்நிலை மொழியே இருக்கட்டும்; அது எதை மறைக்கிறதோ, அந்த இடத்தில் மட்டும் வகுப்பை நிறுத்துங்கள்.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். நம்பை (NumPy) என்ற பைத்தான் கணக்கு லைப்ரரியில் ஒவ்வொரு பிக்சலின் வெளிச்ச எண்ணோடும் 100 கூட்டச் சொல்லுங்கள். 200 என்றிருந்த வெளிர்வானம் பளிச்சென்று ஆவதற்குப் பதில் கறுத்துப்போகும். 8 பிட்டில் உச்சம் 255. அதனால் 300 வரவேண்டிய இடத்தில் 256 கழிந்து 44 நிற்கிறது. அதே கூட்டலை ஓபன்சிவியின் ஆட் ஃபங்ஷனில் செய்தால் 255-ஐத் தாண்டாமல் நின்றுகொள்ளும். ஒரே கணக்கு, இரண்டு விடை! ஏன் என்று வகுப்பே அடித்துக்கொள்ளட்டும். முன்கூட்டியே சரியான புரோகிராமைக் கையில் கொடுத்துவிட்டால் அந்தச் சண்டைக்கே வழியில்லை. (ஓபன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைப்பதால், சிவப்பை முதலில் எதிர்பார்க்கும் மேட்பிளாட்லிப் என்ற படம் காட்டும் லைப்ரரியில் முகங்கள் நீலம்பூத்துத் தெரியும். அதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடலாம். அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.)

படத்தோடு நின்றுவிடுவது இன்னொரு தவறு. சாம்பிளிங்கை, அதாவது ஒலியையோ படத்தையோ இடைவெளிவிட்டு அளந்து எண்களாக்குவதை, கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். விநாடிக்கு 44,100 சாம்பிள் கொண்ட கோப்பில் 15,000 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து, ஒன்றுவிட்டு ஒரு சாம்பிளை எடுக்கச் சொல்லுங்கள். உயர்ந்த அதிர்வெண்களை முதலில் நீக்கும் ஃபில்டர் போடாவிட்டால் அது 7,050 ஹெர்ட்ஸாக மாறி வேறு ஒலியாகவே கேட்கும். லைப்ரரியின் ரீசாம்பிள் ஃபங்ஷன் உள்ளே ஃபில்டரையும் சேர்த்தே போட்டுவிடுவதால், அதை மட்டும் பயன்படுத்திய மாணவருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது.

வீடியோவில் கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) பெயர்களை அடுக்குவதற்கு முன் ஒரு பெருக்கல் போடவையுங்கள். அகலம் 1920 பிக்சல், உயரம் 1080, நிறங்கள் மூன்று: 1920 × 1080 × 3 என்றால் ஒரு ஃப்ரேமுக்கே 62,20,800 பைட். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஏறத்தாழ 15.5 கோடி பைட். சுருக்காமல் முடியாது என்பது அப்போது தானாகவே புரியும்.

பழைய ஸ்லைடுகளில், சோதனைப் படமாக வெகுகாலம் பயன்பட்ட லெனா என்ற பெண்ணின் படம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். 1972-இல் பிளேபாய் இதழில் வந்த படத்தின் ஒரு பகுதி அது, ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் கம்ப்யூட்டர் சொசைட்டியே 2024 ஏப்ரல் முதல் தன் வெளியீடுகளில் அதை ஏற்பதில்லை.

மதிப்பெண் விஷயத்திலும் கவனம் வேண்டும். வெளியீடு அழகாக வந்திருக்கிறதா என்று பார்த்து மார்க் போட்டால், இணையத்திலிருந்து ஒட்டியவரும் புரிந்து எழுதியவரும் ஒன்றாகிவிடுவார்கள். புரோகிராமை ஓட்டுவதற்கு முன், ‘ஃபில்டர் வரியை நீக்கினால் என்ன கேட்கும்?’ என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிய பிறகே ஓட்டவிடுங்கள்.