பீச்சுல 11 பேர் இருந்தோம், குழந்தையை யாரும் பாக்கல

போன ஞாயித்துக்கிழமை திருவான்மியூர் பீச்ல சும்மா உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு குடும்பம் வந்து இறங்குச்சு, பெட்ஷீட், புளியோதரை டப்பா, ரெண்டு காத்தடிச்ச ட்யூப், அஞ்சாறு வாண்டுங்க. பெரியவங்க பெட்ஷீட் பறக்காம இருக்க நாலு மூலைக்கும் செருப்பு வச்சுக்கிட்டு இருக்காங்க, வாண்டுங்க அதுக்குள்ள தண்ணிக்கிட்ட போயாச்சு. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது, ஏன்னா 12 வருஷம் முன்னாடி நாங்களும் அச்சு அசலா இப்படித்தான் போனோம். தெரியாதவங்ககிட்ட போய் சொன்னா "யாருடா இவன்"னு பாப்பாங்க, அதான் இங்க எழுதுறேன்.

ஆழத்துக்கு விடாதீங்க, தனியா அனுப்பாதீங்க, அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சவங்களே பண்ற தப்புங்க மட்டும் சொல்றேன்.

"எல்லாரும் இருக்காங்கல்ல"

பெசன்ட் நகர் பீச். அந்த வெள்ளை மண்டபம் இருக்குல்ல, ஷ்மிட் நினைவுச்சின்னம், அதுக்கு நேரா. 1930-ல கடல்ல தத்தளிச்சவங்களைக் காப்பாத்தப் போய் உயிரை விட்ட ஒரு வெளிநாட்டுக்காரர் ஞாபகமா கட்டினது அது. நாங்க அது முன்னாடி நின்னு குரூப் போட்டோ எடுத்துட்டுத்தான் தண்ணிக்குப் போனோம், அது என்ன ஏதுன்னு ஒருத்தரும் கேட்டுக்கல.

பெரியவங்க 11 பேர், சின்னதுங்க நாலு. அக்கா பொண்ணுக்கு அப்போ நாலு வயசு. மாமா மொளகா பஜ்ஜி வாங்கிட்டு வந்தார், பேப்பர்ல எண்ணெய் ஊறி கை சுடுது, யாருக்கு எத்தனைன்னு பிரிக்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினோம். அக்கா நான் பாத்துக்கிறேன்னு நினைச்சிருக்கா, நான் மாமா நிக்கிறாரேன்னு நினைச்சேன், மாமா எங்கம்மா இருக்காங்களேன்னு நினைச்சார், எங்கம்மா கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பஜ்ஜி எண்ணிக்கிட்டு இருந்தாங்க. கணுக்கால் தண்ணிதான். புள்ள குப்புற விழுந்துடுச்சு, திரும்பிப் போற தண்ணி அப்படியே உருட்டிட்டுப் போச்சு, அடுத்த அலை மேல வந்து விழுந்துச்சு. ஒரு சத்தம் இல்ல. சுண்டல் வித்துட்டு வந்த பையன் தூக்கைப் போட்டுட்டு ஓடி, கவுனைப் பிடிச்சு ஒத்தக் கையால தூக்கினான். அவன் தூக்கின அப்புறம்தான் நாங்க திரும்பியே பாத்தோம். சுண்டல் பூரா மண்ணுல. அதுக்கு காசு குடுக்கணும்னுகூட எங்களுக்குத் தோணல, அம்மாதான் ஞாபகப்படுத்தினாங்க.

இன்னிக்கும் எரிச்சலா வர்றது வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில நடந்த சண்டைதான். "நீ பாக்கலியா?" "நீ பாக்குறன்னுல்ல நான் நினைச்சேன்?" ஒருத்தரும் பொய் சொல்லல. ரெண்டு பேர் மட்டும் போயிருந்தா கண்ணை எடுத்திருக்க மாட்டோம், கூட்டமா போனதாலதான் இப்படி.

மூழ்குற குழந்தை கத்தும், கையை ஆட்டும்னு நினைக்கிறோம், சினிமா பாத்துக் கெட்டுப் போனது. வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்த ஒரு நொடியில மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த எங்க இருக்கு. கை தானா தண்ணியைக் கீழ அழுத்தும், மேல தூக்கி ஆட்ட முடியாது. தள்ளி நின்னு பாத்தா விளையாடுற மாதிரியே இருக்கும். இந்த நிலையில ஒருத்தர் 20-லேர்ந்து 60 செகண்ட்தான் தாக்குப்பிடிப்பாங்கன்னு லைஃப்கார்டுங்க சொல்றது, குட்டிப் பசங்களுக்கு இன்னும் கம்மி. ஜிபே பண்ணிட்டு "பைசா வந்துச்சா அண்ணா"ன்னு நிக்கிற நேரம்கூட இல்ல.

இப்ப எங்க வீட்ல ஒரு சிவப்புத் துண்டு இருக்கு. அது யார் தோள்ல இருக்கோ அவங்கதான் டியூட்டி. போன் அடுத்தவங்ககிட்ட குடுத்துடணும், பஜ்ஜி கிடையாது, அரட்டை கிடையாது, கண்ணு புள்ளைங்க மேல மட்டும். 15 நிமிஷத்துக்கு ஒருதடவை துண்டு கை மாறும், மாறும்போது "நீ பாரு"ன்னு வாய்விட்டு சொல்லணும், வாங்குறவங்க "பாக்குறேன்"னு பதில் சொல்லணும், தலையாட்டினா செல்லாது. முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க, மாமாவைத் தவிர.

"முழங்கால் தண்ணிதானே"

யாருக்கு முழங்கால்? உங்க முழங்கால் மூணு வயசுப் புள்ளைக்கு இடுப்பு. ஒரு மீட்டர் நீளம் அகலம் உயரம் இருக்குற தண்ணி ஒரு டன்னுக்கு மேல எடை, அது சரிவுல திரும்பி ஓடும்போது காலுக்கடியில மண்ணையும் அரிச்சுட்டுப் போகும், குழந்தைங்க அந்தக் கூச்சத்துக்குத்தான் நின்னு குதிக்குதுங்க. மெரினாவுல கரையைத் தாண்டினதும் சரிவு சடார்னு இறங்குது, ஒரு எட்டு முழங்கால்னா அடுத்த எட்டு மார்பளவு. காணும் பொங்கலுக்கு போலீஸ் சும்மா கட்டை கட்டித் தடுக்கல.

விரலைப் பிடிக்காதீங்க, வழுக்கும். மணிக்கட்டைப் பிடிங்க. புடவையோட, இடுப்புல குழந்தையையும் வச்சுக்கிட்டு இறங்குற அக்காங்களே, நனைஞ்ச புடவை கால்ல சுத்திக்கிட்டா ரெண்டு பேரும் சேந்துதான் விழணும்.

அலை இல்லாத இடமா பாத்து இறக்குறது

இதை நான் ரொம்ப நாள் புத்திசாலித்தனம்னு நினைச்சுப் பண்ணினேன். ரெண்டு பக்கமும் அலை உடையுது, நடுவுல மட்டும் அமைதியா இருக்கு, அங்க குழந்தையை விடலாம்னு தோணும். கரைக்கு வந்த தண்ணி பூரா கடலுக்குத் திரும்பிப் போற வழியே அதுதான். ஆழம் கூட, அதான் அங்க அலை உடையல. கலங்கின தண்ணி, நுரை எல்லாம் கடல் பக்கமா போறது தெரிஞ்சா அந்த இடமே வேணாம். பெரியவங்க மாட்டினா கரையைப் பாத்து எதிர்நீச்சல் போட்டு சோந்து போகாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி இழுப்பைத் தாண்டினப்புறம் கரைக்குத் திரும்பணும். நாலு வயசுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுக்க முடியாது.

புது ஊர் பீச்னா இறங்குறதுக்கு முன்னாடி குப்பத்து ஆளுங்களை ஒரு வார்த்தை கேளுங்க. வானத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டத்துல லெமூர் பீச்ல 5 மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் மூழ்கி செத்துப் போனாங்களே, அப்போ கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்துச்சு. கள்ளக்கடல்னா, தெற்கு இந்தியப் பெருங்கடல்ல எங்கயோ அடிக்கிற காத்துல கிளம்புற அலை சில நாள் கழிச்சு நம்ம கரைக்கு வரும், இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது. ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் எச்சரிக்கை குடுக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி நியூஸ்ல ஒருதடவை பாத்துடுங்க.

காத்தடிச்ச ட்யூப்

அது பொம்மை. ஆனி, ஆடியில சென்னையில காலையில மேக்கேர்ந்து காத்து அடிக்கும், பந்தோ ட்யூபோ நேரா கடலுக்குள்ளதான் போகும். பந்து பின்னாடி குழந்தை போகும்.

கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி

வேணாம்.

நீலக் கலர் ட்ரெஸ்

தண்ணியில காணாமப் போயிடும், வெள்ளையும் அப்படித்தான். ஆரஞ்சு, பளீர் பிங்க் போடுங்க.

தூக்கின அப்புறம் பண்ற தப்பு

தலைகீழாப் பிடிச்சு சுத்துறது, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்குறது. எங்க ஊர்ல குளத்துல விழுந்த பசங்களை இப்படித்தான் சுத்துவாங்க. வயித்துல இருக்குறது வெளிய வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போகும், நேரமும் வீண். மூச்சு இல்லன்னா முதல்ல வாயோட வாய் வச்சு, நெஞ்சு எழும்புற அளவுக்கு மூச்சு குடுக்கணும், அப்புறம் 30 தடவை நெஞ்சை அழுத்தி ரெண்டு மூச்சு, மாத்தி மாத்தி. இன்னொருத்தர் அதுக்குள்ள 108-க்கு அடிக்கணும்.

முழிச்சு அழுதாலும் அதோட விட்டுடாதீங்க. இருமல் நிக்கல, வாந்தி எடுக்குது, அசந்து அசந்து தூங்குதுன்னா ஆஸ்பத்திரிதான். அக்கா பொண்ணு அன்னிக்கு ராத்திரி பூரா இருமினா, நாங்க விக்ஸ் தடவிப் படுக்க வச்சோம். காலையில டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரியே ஏன் கூட்டிட்டு வரல?" அதுக்கும் எங்க 11 பேர்கிட்டயும் ஆளுக்கொரு பதில் இருந்துச்சு.