புகைப்பட நூல்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலைநாட்டிலுள்ள பொகவந்தலாவை புனித மேரி தேவாலயத்தில், பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. அதனால், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் பழைய படத்தைப் பார்த்ததும் அவர்தான் எடுத்திருப்பார் என்று நினைத்துவிடுவது எளிது. அவர் இலங்கைக்கு வந்தது 1875இல், இறந்தது 1879இல். அவருடைய கணவருக்கு இங்கே இருந்தவை கோப்பித் தோட்டங்கள். தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 1867இலேயே தேயிலை போட்டுவிட்டார், சரி. ஆனால் மலைநாடு முழுக்கத் தேயிலை பரவியது, இலைநோய் கோப்பியை அழித்த பிறகுதான். கேமரன் இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியிருப்பவையும் மிகச் சில. அவற்றில் பல களுத்துறையில் எடுத்தவை. அவர் பெயர் சொல்லும் நூல், ஆர்தர் அரசனைப் பற்றிய டெனிசனின் கவிதைகளுக்கு அவர் எடுத்த படங்கள், 1874–75இல் இங்கிலாந்தில் வெளியானது. ஆகவே முதலில் படத்தில் என்ன பயிர் என்று பாருங்கள், அப்புறம் ஆண்டு, அப்புறம்தான் பெயர்.

அட்டையில் ஒருவர் பெயர் இருந்தால் உள்ளே எல்லாம் அவர் முடிவு என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் இறந்தார். அவருடைய இலங்கைப் படங்களின் பெரிய தொகுப்பு 1950இல்தான் லண்டனில் வந்தது. படங்கள் அவருடையவை, நூல் அவர் கைபட்டு முடிந்ததல்ல.

புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்கின் ‘தி அமெரிக்கன்ஸ்’ நூல் இதற்கு நேர்மாறு. ஆயிரக்கணக்கில் எடுத்தவற்றிலிருந்து 83 படங்களை மட்டும் வைத்து, எதற்குப் பின் எது என்று யோசித்துக் கட்டிய நூல் அது. 1958இல் பாரிஸில் வந்த பதிப்பில் படங்களுக்கு எதிரே பலருடைய எழுத்துகள் இருந்தன. 1959 அமெரிக்கப் பதிப்பு அவற்றை எடுத்துவிட்டது. அதே படங்கள், ஆனால் பார்வை வேறு. இதில் ஒரு படத்தை மட்டும் தொலைபேசியில் வெட்டி எடுத்துப் பார்த்தால் பாதிகூடக் கிடைக்காது. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் புரட்டுங்கள்.

மலையகத் தமிழர்களான நமக்கு மிக முக்கியமானது படத்தின் கீழே உள்ள வரி. தோட்டக்காலத்துப் படங்கள் பலவற்றில் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்குப் பெயர் இருக்கும். கூடையோடு நிற்பவருக்கு ‘தமிழ்ப் பெண்’, ‘கூலி’ என்பதோடு முடிந்துவிடும். விற்பனைக்காக நிறுத்தி எடுத்த படங்களும் அவற்றில் உண்டு. நகையும் சுத்தமான சேலையுமாக ஒருவர் நிற்பதை வைத்து, வேலை நாளில் மலையில் அவர் அப்படித்தான் இருந்தார் என்று முடிவுகட்ட வேண்டாம். இது நம் கொள்ளுப்பாட்டிகளின் முகம். அச்சிட்ட வரியை அப்படியே நம்பிவிட எனக்கு மனசு வராது. வீட்டுப் பெரியவர்களிடம் படத்தைக் காட்டுங்கள். எந்தத் தோட்டம், தோட்டத்தின் எந்தப் பிரிவு (டிவிஷன்), எந்த மலை என்று அவர்கள் சொல்வதைத் தனித்தாளில், சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதி அந்தப் பக்கத்திலேயே வையுங்கள். நூலின் மேல் பேனாவால் எழுத வேண்டாம்.