ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்காதீர்கள்: படத்தொடர் பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

பொங்கல் லீவுக்கு அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டில் கூடினால் எங்களுக்குள் இரண்டு சண்டை உறுதி. சொதிக்கு இஞ்சித் துவையல் யார் அரைப்பது என்பது ஒன்று. ராத்திரி என்ன படம் போடுவது என்பது இன்னொன்று. முதல் சண்டை அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இரண்டாவது, படம் முடிந்து எல்லோரும் பாய் விரித்த பிறகும் இருட்டில் தொடரும்.

போன தடவை ஓர் அதிசயம், என்ன படம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போய்விட்டோம். 'ஸ்டார் வார்ஸ்'. சித்தப்பா மகனுக்கு அதில் கிறுக்கு. சின்ன மதினியின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அந்த ஒளிவாளை மட்டும் தெரியும். சரி, எதிலிருந்து தொடங்குவது?

"ஒன்னுன்னு நம்பர் போட்டிருக்கதுல இருந்துதாம்டே" என்றார் பெரிய அண்ணாச்சி.

"அது நாலாவதா வந்த படம் அண்ணாச்சி."

"பொறவு எதுக்கு ஒன்னுன்னு பேரு வச்சான்?"

நியாயமான கேள்விதான். படத்தொடர் பார்க்க உட்காருகிறவர்களில் பாதிப் பேர் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

முதல் 'ஸ்டார் வார்ஸ்' 1977ல் வந்தது. அப்போது அதற்கு நம்பரே கிடையாது. 1981ல் மறுபடி வெளியிட்டபோதுதான் 'நான்காம் அத்தியாயம்' என்று படத்தின் தொடக்கத்தில் ஓடும் எழுத்தில் சேர்த்தார்கள். அடுத்த இரண்டு படங்கள் 1980, 1983. அதன் பிறகு 1999, 2002, 2005 என்று மூன்று படங்களில் முன்கதையைச் சொன்னார்கள். அவைதான் ஒன்று, இரண்டு, மூன்று. ஆக, அந்த நம்பர் கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதைக் காட்டுகிறதே தவிர, எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை அல்ல.

1980ல் வந்த படத்தில் ஒரு ரகசியம் உடையும் இடம் இருக்கிறது. அது என்ன என்று நான் சொல்லப்போவதில்லை. முன்கதைப் படங்களை எடுத்தவர்கள், பார்க்க வருகிறவர்களுக்கு அந்த ரகசியம் ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பில்தான் எடுத்தார்கள். அதனால் அதை மறைக்கவில்லை, மறைக்க அவசியமும் இல்லை. நம்பர் வரிசையில் பார்த்தால், மூன்று படங்கள் முழுக்க அதையே மென்று தின்றுவிட்டு ஐந்தாவதாக அந்த இடத்துக்கு வருவீர்கள். திரையில் இருப்பவன் அதிர்ந்து போவான், நீங்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டு இருப்பீர்கள்.

இதைச் சொன்னபோது ஆச்சி ஒரு போடு போட்டாள். "கோயில் கொடையில சுடலைமாடன் கதைய கைலாசத்துல பிறந்ததுல இருந்துதான பாடுதாவ? நடுவுல இருந்தா தொடங்குதாவ?" கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் வரவில்லை. பிறகுதான் எனக்குத் தோன்றியது: வில்லுப்பாட்டு கேட்க உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கதை தெரியும், வருஷா வருஷம் கேட்டது. மாடனுக்கு என்ன ஆகும் என்று யாரும் பதறுவதில்லை. புலவர் அதை எப்படிப் பாடுகிறார், சாமி எப்போது வரும் என்பதுதான் அங்கே விஷயம். கதை தெரிந்த கூட்டத்துக்குப் பிறப்பிலிருந்து சொல்லலாம். தெரியாதவனுக்கு, அது வெளிவந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும். ஆச்சி ஒத்துக்கொண்டாளா என்றால், வெற்றிலையை மடித்தபடி "என்னவோ போங்க" என்றாள். எங்கள் வீட்டில் அது பாதி சம்மதம்.

ரசிகர்கள் கண்டுபிடித்த வேறொரு வரிசையும் உண்டு. நான்கு, ஐந்து பார்த்துவிட்டு, ரகசியம் உடைந்ததும் பின்னால் போய் இரண்டு, மூன்று, கடைசியில் ஆறு. ஒன்றாம் நம்பரை விட்டேவிடுவார்கள். கெட்டிக்கார ஏற்பாடு, இரண்டாம் தடவை பார்க்க அருமையாக இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்களிடம் இதைத் திணிப்பது தவறு. படத்தை நிறுத்தி நிறுத்தி விளக்க வேண்டிவரும், வீட்டுக்கு வந்த விருந்தாளி பாட வகுப்பில் மாட்டிக்கொண்டது மாதிரி ஆகிவிடும்.

மார்வெல் படங்களிலும் இதே கூத்துதான். கதைக் காலப்படி பார்த்தால் இரண்டாம் உலகப்போர் காலத்தில் நடக்கும் 'கேப்டன் அமெரிக்கா' முதலில், அடுத்து 1995ல் நடக்கும் 'கேப்டன் மார்வெல்'. வந்த வரிசையில் 2008ன் 'அயர்ன் மேன்' முதலில்; 'கேப்டன் மார்வெல்' 2019ல்தான். அந்தப் படத்தில், பல மார்வெல் படங்களில் உளவு அதிகாரியாக வரும் ஃப்யூரியின் கண் எப்படிப் போனது என்று ஒரு வேடிக்கை வரும். பத்து வருடத்துக்கு மேலாக அவரை ஒற்றைக் கண்ணோடு பார்த்துப் பழகியவனுக்குத்தான் அது சிரிப்பு. இரண்டாவது படமாகவே பார்ப்பவனுக்கு யாரோ ஒருவருக்குக் கண் போகிறது, அவ்வளவுதான்.

'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' வரிசையில் மட்டும் நான் யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. மூன்றாவதாக 2006ல் வந்த 'டோக்கியோ ட்ரிஃப்ட்'டின் கதை, 2013ல் வந்த ஆறாவது படத்துக்குப் பிறகு நடப்பது. மூன்றாவதாகப் பார்த்தாலும் சரி, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் பார்த்தாலும் சரி, கார் ஓடும்.

நம்மூர்ப் படங்களில் தவறு வேறு மாதிரி. இங்கே நம்பரை நம்பினாலும் கெட்டோம், நம்பாவிட்டாலும் கெட்டோம். ராகவா லாரன்ஸின் 'முனி' 2007. 2011ல் வந்த 'காஞ்சனா'தான் அதற்கு இரண்டாம் பாகம். அப்படியென்றால் 'காஞ்சனா 2' மூன்றாவது, 'காஞ்சனா 3' நான்காவது. இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை, பேயும் தனிப்பேய். 'அரண்மனை'யும் அப்படியே. டிவியில் எது ஓடுகிறதோ அதைப் பார்த்துவிட்டுத் தூங்கலாம்.

ஆனால் 'சாமி' அப்படியில்லை. முதல் படம் 2003, நம் திருநெல்வேலியிலேயே நடக்கும் கதை. இரண்டாவது பதினைந்து வருடம் கழித்து 2018ல் வந்தது. முதல் படத்தின் கடைசிக் காட்சி ஞாபகம் இல்லாவிட்டால், இரண்டாவதில் வில்லன் எதற்காகத் துடிக்கிறான் என்பதே பிடிபடாது. பதினைந்து வருடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் முதல் படத்தைப் பார்த்திருப்பார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்வதுதான் இங்கே தவறு.

'விக்ரம்' கதை இன்னும் வேடிக்கை. 2022ல் அது வந்தபோது, பெயரைப் பார்த்து 1986ல் வந்த பழைய 'விக்ரம்' படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. உண்மையில் பார்த்திருக்க வேண்டியது 2019ன் 'கைதி'. இயக்குநர் லோகேஷ் கனகராஜே வெளியீட்டுக்கு முன்பு அதைத்தான் மறுபடி பார்க்கச் சொன்னார். நாங்கள் வண்ணாரப்பேட்டையில் ஒரு நிறைந்த காட்சியில் பார்த்தோம். 'கைதி'யில் பார்த்த முகங்கள் கடைசியில் வரிசையாக வந்து நிற்கும்போது தியேட்டரே கத்துகிறது. பக்கத்து சீட்டு அண்ணாச்சி மட்டும் என் தோளைத் தட்டி, "யார்டே இவனுவ? எதுக்குக் கத்துதீய?" என்றார். பாவம், சுருக்கமாகச் சொல்ல முடிகிற விஷயமா அது.

இப்போது எங்கள் வட்டாரத்துக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். 'பாபநாசம்'. 2015ல் வந்தது, கமல்ஹாசன் சுயம்புலிங்கமாக நம் பேச்சைப் பேசிய படம். (தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் இல்லை, அகத்தியர் அருவி இருக்கும் நம் பாபநாசம்.) இதன் மூலம் 2013ல் வந்த மலையாள 'த்ரிஷ்யம்', இரண்டுக்கும் இயக்குநர் ஜீத்து ஜோசப்தான். 2021ல் மலையாளத்தில் இரண்டாம் பாகம் வந்தது. தமிழில் வரவில்லை. எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் இதைக் கேட்டுவிட்டேன்: "பாபநாசம் ரெண்டு எங்க பாக்கலாம்?"

'பாபநாசம்' பார்த்த கையோடு நேராக 'த்ரிஷ்யம் 2' பார்ப்பது பெரிய தவறு இல்லை, ஆனால் தடுக்கிவிடும். சுயம்புலிங்கம் அங்கே ஜார்ஜ்குட்டி. மனைவி இரண்டிலும் ராணிதான், முகம் வேறு: இங்கே கௌதமி, அங்கே மீனா. தமிழில் மூத்த மகளாக வரும் நிவேதா தாமஸ் அங்கே இல்லை. நல்லவேளையாக இரண்டு முகம் மாறாமல் இருக்கிறது. இளைய மகளாக வரும் எஸ்தர் அனிலும், போலீஸ் அதிகாரி கீதா பிரபாகராக வரும் ஆஷா சரத்தும் இரண்டு மொழியிலும் அவரவரே. இருந்தாலும் இரண்டாம் பாகம், முதல் பாகத்தின் சின்னச் சின்ன இடங்களையும் ஆட்களையும் ஞாபகம் வைத்திருப்பவர்களுக்காக எடுத்த படம். அதனால் மலையாள முதல் பாகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதுதான் என் யோசனை. கதை தெரிந்ததுதானே என்று சலிக்க வேண்டாம். நம் பேச்சில் கேட்ட அதே சமாளிப்பை வேறொரு பேச்சில் கேட்பது தனி ருசி.

அப்புறம் இந்தக் 'குடும்பப் படம்' என்ற சொல். "குடும்பத்தோட பாக்கலாமா?" என்று நம்மாட்கள் கேட்டால், பெரியவர்கள் நெளிகிற காட்சி இருக்கிறதா என்று அர்த்தம். முத்தக் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடுவோம். 'பாகுபலி' இரண்டாம் பாகத்தில் சபை நடுவே ஒரு தலை உருண்டால், ஏழு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே கை தட்டுவோம். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். 2024லிருந்து தணிக்கைச் சான்றிதழில் யுஏ என்பதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். புதுப் படம் போடும்போது அந்த எண்ணை ஒரு பார்வை பாருங்கள். பழைய படங்களில் அது இருக்காது, நாம்தான் முன்கூட்டிப் பார்த்து வைக்க வேண்டும்.

'ஹாரி பாட்டர்' எட்டுப் படங்களையும் ஒரே லீவில் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதும் இந்த வகைத் தவறுதான். 2001லிருந்து 2011 வரை பத்து வருடத்தில் வந்த படங்கள் அவை. முதலிரண்டும் பிள்ளைகள் படம். 2004ல் வந்த மூன்றாவதிலிருந்து இருட்டு கூடிக்கொண்டே போகும். முதல் படம் பார்த்த பிள்ளைகள் கூடவே வளர்ந்தார்கள், படமும் வளர்ந்தது. அந்தப் பத்து வருடத்தை நான்கு நாளாகச் சுருக்கினால், ஐந்தாம் ராத்திரி பிள்ளை தனியாகப் பாத்ரூம் போகாது. எங்கள் வீட்டில் நடந்தது.

சின்னவர்களுக்கு 'லயன் கிங்' எளிது. 2019ன் தமிழ் டப்பிங்கில் சித்தார்த், அரவிந்த் சாமி, ரோபோ சங்கர், சிங்கம்புலி என்று குரல்களே ஒரு திருவிழா. ஆச்சிகளுக்கும் ஒத்துவரும், அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டாம். 2024ன் 'முஃபாசா' முன்கதைதானே என்று அதை முதலில் போட்டுவிடாதீர்கள். அந்தக் கதையை ரஃபிக்கி என்ற குரங்கு சொல்வதே 'லயன் கிங்' நாயகன் சிம்பாவின் மகளுக்கு. சிம்பா யார் என்றே தெரியாத பிள்ளைக்கு அவன் மகள் எதற்கு?

பிடித்த படம் எது என்ற சண்டைக்கு மருந்து கிடையாது. சித்தப்பாவுக்கு 1986ன் 'சம்சாரம் அது மின்சாரம்', அத்தைக்கு 2000ன் 'வானத்தைப்போல'. இரண்டும் நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது வாங்கியவை. ஒன்று கூட்டுக்குடும்பத்தில் விழும் விரிசலைப் பேசுகிறது, மற்றது விரிசலே விழக்கூடாது என்று ஏங்குகிறது. சித்தப்பா தனிக்குடித்தனம் போனவர், அத்தை பதினோரு பேருக்குச் சமைத்தவள். அவர்கள் சண்டை போடுவது படத்தைப் பற்றி என்று நினைத்து நடுவில் புகுந்தது நான் செய்த தவறு.

'ஸ்டார் வார்ஸ்' விஷயத்தில் கடைசியில் சித்தப்பா மகன்தான் ஜெயித்தான். முதல் ராத்திரி 1977ன் படம், மறுநாள் 1980ன் படம். ரகசியம் உடையும் இடம் வந்தபோது பெரிய அண்ணாச்சி கையில் முந்திரிக்கொத்து வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. "ஏ, என்னல சொல்லுதான் அவன்!" என்று எழுந்தே நின்றார். படம் முடிந்ததும் மதினியின் சின்னப் பையன் என் காதில் வந்து சொன்னான்: "எனக்கு முன்னாடியே தெரியும். ஸ்கூல்ல சொல்லிட்டானுவ. பெரியப்பா மூஞ்சியப் பாக்கணும்னுதான் சொல்லாம இருந்தேன்."