பெட்டிக்குள் பதித்த மானிட்டருக்குத் தனி அடாப்டர் தேவையில்லை

கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய மானிட்டரைப் பதித்திருப்பவர்கள், அதன் அடாப்டரில் வெளியீடு 12 வோல்ட் டிசி என்று அச்சிடப்பட்டிருந்தால், கணினியின் பவர் சப்ளையிலிருந்தே அதற்கு மின்சாரம் எடுக்கலாம். பவர் சப்ளையிலிருந்து வரும் நான்கு கம்பி மோலெக்ஸ் இணைப்பியில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட் (எதிர்முனை). சிவப்பில் 5 வோல்ட்தான் வரும் என்பதால் அதை விட்டுவிடுங்கள். மானிட்டரின் வட்டப் பின்னில் நேர்முனை பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும். ஆயினும் அடாப்டரின் மேலுள்ள குறியைப் பார்த்து, மல்டிமீட்டரால் அளந்து உறுதிசெய்த பின்னரே செருகுங்கள், ஏனெனில் முனை மாறினால் மானிட்டரின் சர்க்யூட் நொடியில் பழுதாகிவிடக்கூடும். மஞ்சள் கம்பியில் ஒரு ஃபியூஸ் வைப்பதை நான் கட்டாயம் என்றே கருதுகிறேன்: ஷார்ட் ஆனால், பவர் சப்ளை தரும் மின்னோட்டம் மெல்லிய கம்பியை எரித்துவிடக்கூடும். 19 வோல்ட் கேட்கும் மானிட்டருக்கு இடையில் 12 வோல்ட்டை உயர்த்தித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர் தேவை.