கடலோர ஊரில் படிக்கப் போகும் சேலத்துப் பிள்ளைகளுக்கு: டப்ளினைப் பழகுவது எப்படி?

செப்டம்பர் வகுப்புகளுக்காக அயர்லாந்துக்கு விமானம் ஏறப்போகும் சேலத்துத் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். விசா, வங்கிக் கடன், வாடகை அறை பற்றியெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். போய் இறங்கிய பிறகு ஊரைப் பழகுவது எப்படி என்பதுதான் யார் வாயிலும் வருவதில்லை. நான் சொல்ல வருவது ஒன்றே: கடலோர ஊரில் தெருக்களைப் படிப்பதற்கு முன் கடலின் நேரத்தைப் படித்துவிடுங்கள்.

முதல் படி: ஏற்காட்டில் ஒரு பயிற்சி

கிளம்புவதற்கு முன், மேகமில்லாத ஒரு நாளில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி லேடீஸ் சீட்டுக்குப் போங்கள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கீழே தெரியும் சேலத்தில் ஜங்ஷன் எந்தப் பக்கம், அஸ்தம்பட்டி எங்கே, அம்மாபேட்டை எங்கே என்று கை நீட்டிச் சொல்லிப் பாருங்கள். மேற்கே கஞ்சமலை, தெற்கே ஜருகுமலை, வடக்கே நகரமலை. இவற்றை வைத்துத்தான் இத்தனை நாளும் திசை அறிந்திருக்கிறீர்கள் என்பது அப்போது புரியும்.

டப்ளினுக்கும் இப்படி ஒரு சட்டகம் உண்டு. கிழக்கே கடல். தெற்கே மலை. மேற்கிலிருந்து கிழக்காக ஓடி, ஊரை இரண்டாகப் பிரித்துக் கடலில் சேரும் லிஃபி ஆறு. இந்த மூன்றையும் ஒரு தாளில் வரைந்து கையோடு கொண்டுபோங்கள்.

இரண்டாம் படி: அடையாளமும் அட்டையும்

ஆறு கடலில் சேரும் இடத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டையோடு இரண்டு புகைபோக்கிகள் நிற்கும். பூல்பெக் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் அவை. ஒவ்வொன்றும் 207 மீட்டர் உயரம். மின்நிலையத்தின் அந்தப் பழைய பகுதி 2010-இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் ஊருக்கு இன்றும் அவைதான் அடையாளம். வழி தவறினால் முதலில் அவற்றைத் தேடுங்கள். கிழக்கு எது என்று தெரிந்துவிடும். முகவரியிலும் ஒரு வசதி இருக்கிறது. டப்ளின் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண் வந்தால் ஆற்றுக்கு வடக்கு. 2, 4, 6, 8 என்று இரட்டைப்படை வந்தால் தெற்கு. வீடு தேடும் நாட்களில் இது மிகவும் உதவும்.

பயணத்துக்கு மாணவர்களுக்கான லீப் கார்டு வாங்கிவிடுங்கள். பஸ், லூவஸ் டிராம், டார்ட் ரயில் மூன்றுக்கும் அது ஒன்றே போதும். நகர எல்லைக்குள் ஒருமுறை கட்டணம் கழிந்தால், 90 நிமிடத்துக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற மறுபடி பணம் கழியாது.

மூன்றாம் படி: டார்ட்டில் இடப்பக்க ஜன்னல்

முதல் சனிக்கிழமையே பியர்ஸ் நிலையத்தில் தெற்கு நோக்கிப் போகும் டார்ட்டில் ஏறி, இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். இந்தப் பாதையில் டன் லேரி வரையிலான பகுதிதான் 1834-இல் திறக்கப்பட்ட அயர்லாந்தின் முதல் ரயில் பாதை. சில நிலையங்கள் வரை வீடுகளின் பின்பக்கச் சுவர்கள்தான் தெரியும். பூட்டர்ஸ்டவுனை நெருங்கும்போது சுவர் முடிந்து, தண்டவாளத்தை ஒட்டியே விரிகுடா திறந்துகொள்ளும். டால்கியைத் தாண்டியதும் ஒரு சுரங்கம். அதை விட்டு ரயில் வெளியே வரும்போது நீங்கள் பாறைச் சரிவில் இருப்பீர்கள், கடல் நேர் கீழே இருக்கும்.

கில்லைனியில் இறங்கிக் குன்றின் மேல் ஏறுங்கள். லேடீஸ் சீட்டில் செய்த பயிற்சியை இங்கே திரும்பச் செய்ய வேண்டும். வடக்கே விரிகுடாவுக்கு அப்பால் ஹோத் தலைநிலம், இடையில் பூல்பெக் புகைபோக்கிகள், தெற்கே பிரே முனை. கையிலுள்ள தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வாரம் எதிர்த்திசையில் ஹோத் வரை போகலாம். அங்கே மேற்குத் துறையில் மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மேக்கரல் கிடைத்தால் வாங்குங்கள். நம் கானாங்கெளுத்திக்கு உறவுக்கார மீன், புளிக்குழம்புக்கு நன்றாகவே ஒத்துவரும்.

நான்காம் படி: ஓதம் பார்ப்பது

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஓதம் என்றால் கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது. மெரினாவில் நின்றிருப்பீர்கள். அங்கே உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் கண்ணில் பட்டிருக்காது. டப்ளினில் பெரிய ஓத நாட்களில் அது மூன்று மீட்டரைத் தாண்டும். சேண்டிமவுண்ட் கரையில் காலையில் சுவரை மோதிய கடல், மாலையில் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விடும். ஈர மணல் பளபளவென்று விரிந்து கிடக்கும். நடக்கச் சொல்லி அழைக்கும். ஆனால் தண்ணீர் திரும்பும்போது உங்களுக்கு முன்னால் அலையாக வராது. மணலிலுள்ள பள்ளங்கள் வழியாக முதலில் உங்களுக்குப் பின்னால் நிரம்பும். கரைக்குத் திரும்ப வேண்டிய பாதைதான் முதலில் மூழ்குகிறது.

ஆகவே மணலில் கால் வைக்கும் முன் போனில் அன்றைய ஓத அட்டவணையைப் பாருங்கள். அதில் இரண்டு உயர் ஓத நேரங்களும் இரண்டு தாழ் ஓத நேரங்களும் மீட்டர் அளவோடு இருக்கும். தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும் நேரத்தில் இறங்கி, தாழ் ஓத நேரத்துக்கு முன்பே கரைக்குத் திரும்பத் தொடங்குங்கள். இந்த நேரங்கள் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரம் இன்றைக்கு ஆகாது. வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரும் இங்கே உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் அதிகமாக உள்வாங்கும், அதிகமாக ஏறும்.

யாராவது சிக்கிக்கொண்டதைப் பார்த்தால் நீங்கள் இறங்கவே கூடாது. 112 அல்லது 999-ஐ அழைத்து, கடலோரக் காவல் படை வேண்டும் என்று கேளுங்கள். கரையில் தொங்கும் மிதவை வளையத்தைத் தூக்கி எறியலாம்.

கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. அந்தத் தைரியத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் கேளுங்கள்: ஐரிஷ் கடல் கோடையில்கூட 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிரில் திடீரென்று இறங்கினால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கும். தலை நீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். தனியாக இறங்கவே இறங்காதீர்கள்.

ஐந்தாம் படி: காற்றும் வெளிச்சமும்

குடை வேண்டாம், கடற்காற்று ஒரே வாரத்தில் மடக்கிவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள். மழை ஓயாத நாட்களுக்கு தேசிய ஓவியக் கூடமும் செஸ்டர் பீட்டி நூலகமும் இருக்கின்றன. இரண்டுக்கும் அனுமதி இலவசம்.

டிசம்பரில் மாலை நான்கு மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். எனவே குன்று, கரை நடை எல்லாவற்றையும் செப்டம்பர், அக்டோபரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதுவரை டப்ளினில் மாலை 4 மணி என்றால் சேலத்தில் இரவு 8.30; அதற்குப் பிறகு, வீட்டில் அதே 8.30 மணிக்குப் பேச நீங்கள் 3 மணிக்கே அழைக்க வேண்டும். இந்த மாற்றத்தை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.